ஆய்விதழ் அட்டைப்படம்: நெல் வேர், மீத்தேன், தங்க ரேக்

அரசலாறு:

வணக்கம். கும்பகோணத்தில் தஞ்சாவூர் ஓவியமும், கம்ப்யூட்டரில் புத்தக அட்டையும் செய்கிறேன். நெல் வயலிலிருந்து மீத்தேன் வெளியேறுவது பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளிநாட்டு ஆய்விதழில் ஏற்கப்பட்டிருக்கிறது. அட்டைக்குப் படம் கொடுப்பதானால் பத்து நாளைக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். கட்டுரை எழுதிய மாணவர் அந்த வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்.

மனதில் இருக்கும் படம் இது: மேலே முற்றிய கதிரோடு சம்பா வயல், தண்ணீர் நிற்கிறது. கீழே சேற்றுக்குள் ஒரு பெரிய வேர், அதன் மேல் ஒட்டிக்கொண்டு நுண்ணுயிரிகள். இலை நுனியிலிருந்து மீத்தேன் குமிழ்கள் பறக்கின்றன. வேரை மட்டும் பலகையில் சுக்கான் மாவால் புடைப்பெடுத்துத் தங்க ரேக் (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டி, ஸ்கேன் செய்து, மற்றதை டிஜிட்டலில் வரையலாமா என்று யோசிக்கிறேன். தங்க ரேக்கை ஸ்கேனரில் வைத்தால் பழுப்பாகத்தான் விழுகிறது, அதற்கு என்ன வழி? அளவு, வண்ண முறை எப்படி வைப்பது? மீத்தேனை உண்டாக்கும் என்சைமின் (வினையை நடத்தும் புரதத்தின்) வடிவத்தையும் ஒரு மூலையில் சேர்க்கச் சொல்கிறார் மாணவர். அதை எங்கிருந்து எடுப்பது? அறிவியல் பிழை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வெண்ணாறு:

முதலில் அந்தக் கதிரை எடுத்துவிடுங்க. கதிர் முற்றினால் அறுவடைக்காக வயலில் தண்ணீரை வடித்துவிடுவோம். மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கு ஆக்சிஜன் ஆகாது, தண்ணீர் தேங்கிக் காற்று புகாத சேறுதான் அவற்றுக்கு இடம். மஞ்சள் கதிரும் தேங்கிய தண்ணீரும் ஒரே படத்தில் இருந்தால் டெல்டாக்காரர் யாருமே நம்பமாட்டார். தூர் கட்டி நிற்கும் பச்சைப் பயிராக, நாலைந்து சென்டிமீட்டர் தண்ணீரோடு வரையுங்க. ரெடிமேட் படத் தளங்களில் நெல் என்று தேடி எடுக்காதீங்க, பாதிக்குப் பாதி கோதுமைக் கதிர்தான் வந்து விழும்.

இலை நுனியும் தப்பு, செடியிலிருந்து வரும் குமிழும் தப்பு. மீத்தேன் வேருக்குள் புகுந்து, தண்டில் இருக்கும் காற்றறைத் திசு வழியே வாயுவாகவே ஏறி, பெரும்பாலும் அடி இலைகளின் உறையில் உள்ள நுண்துளைகள் வழியாக வெளியே போகிறது. குமிழ் வேண்டுமென்றால் செடிகளுக்கு நடுவே சேற்றிலிருந்து தண்ணீருக்குள் எழும்புவதாக வரையலாம், அதுவும் நடப்பதுதான். ஆனால் நன்றாகத் தூர் கட்டிய வயலில் பெரும்பங்கு செடி வழியாகத்தான் போகிறது. அதனால் குமிழைச் சிறிதாக, ஓரமாக வையுங்க.

வேர்தான் இந்தப் படத்தின் உயிர். சேற்றிலிருந்து ஒரு தூரைப் பிடுங்கி வாய்க்காலில் அலசிப் பாருங்க. முதிர்ந்த வேர் துருநிறத்தில் இருக்கும், புது வேரும் நுனியும் வெள்ளையாக இருக்கும். இலையிலிருந்து இறங்கி வரும் ஆக்சிஜன் வேருக்கு வெளியே கசிந்து, சேற்றில் கரைந்திருக்கும் இரும்பைத் துருவாக்கி வேரின் மேல் படியவைக்கிறது. அந்தத் துருதான் ஆக்சிஜன் கீழே வந்து சேர்ந்ததற்கு அடையாளம். கருப்பு வேர் வரைந்தால் சல்பைடு தாக்கிய நோய் வேர் என்று அர்த்தமாகிவிடும். சேறு மட்டும் நீலச்சாம்பலாகவோ கருப்பாகவோ இருக்கட்டும். செம்மண் நிறம் போட்டால் காற்றோட்டமான மேட்டு நிலமாகிவிடும்.

வேர் முழுவதையும் தங்கமாக்கினால் இந்தத் துருவும் வெள்ளையும் போய்விடும். அதோடு, இந்தப் படத்தில் தங்கத்துக்கு என்ன பொருள் என்று ஆசிரியர் குழு கேட்டால் பதில் சொல்ல முடியாது. என் யோசனை, வேரைக் குறுக்கே வெட்டிக் காட்டுங்க. நடுவில் சின்ன வட்டமாகக் குழாய்த் தொகுதி. அதைச் சுற்றி மாட்டுவண்டிச் சக்கரத்து ஆரக்கால்போல மெல்லிய செல் சுவர்கள். ஆரக்கால்களுக்கு இடையில் இருப்பதெல்லாம் வெற்றிடம். ஆக்சிஜன் இறங்குவதும் மீத்தேன் ஏறுவதும் அந்த ஒரே வழியில்தான். தங்கத்தை அந்த வெற்றிடத்துக்கு மட்டும் கொடுங்க. கட்டுரை சொல்வதை ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

நுண்ணுயிரியை வேரின் மேலேயே ஒட்டவைக்க வேண்டாம். ஆக்சிஜன் கசியும் மெல்லிய வளையத்தில் வாழ்வது மீத்தேனைத் தின்னும் வகை. உண்டாக்கும் வகை அதற்கு வெளியே, ஆக்சிஜன் எட்டாத சேற்றில் இருக்கும். அளவுக் கணக்கும் உதைக்கும். வேரின் தடிமன் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், நுண்ணுயிரி 1 மைக்ரான், ஆயிரம் மடங்கு வித்தியாசம். அட்டையில் வேரை 60 மில்லிமீட்டர் அகலத்துக்கு வரைந்தால் நுண்ணுயிரி 0.06 மில்லிமீட்டர்தான் வரும், அது ஒரு பிக்சலுக்கும் குறைவு. அதனால் நுண்ணுயிரிகளைப் பெரிதாக்கி வேறொரு தளத்தில் வையுங்க. இரண்டு அளவுக்கும் நடுவே கோடோ நிற மாற்றமோ கண்ணுக்குத் தெரியவேண்டும். பூதக்கண்ணாடி வட்டம் மட்டும் வேண்டாம், ஆயிரம் அட்டையில் பார்த்தாகிவிட்டது.

குடமுருட்டி:

வெண்ணாறு சொன்னது நல்ல யோசனை. ஆனால் ரேக் வேலையில் ஒன்றைக் கவனிக்கணும். புடைத்த தங்கம் கண்ணுக்குக் கெட்டிப் பொருளாகத்தான் தெரியும், வெற்றிடமாகத் தெரியாது. அதனால் சுக்கான் மாவைச் செல் சுவருக்குப் போட்டுப் புடைப்பெடுங்க, அதன் மேல் வண்ணம். பள்ளத்தில் ரேக்கைச் சமதளமாக ஒட்டுங்க. கல் பதிப்பது இந்தப் படத்துக்கு வேண்டாம்.

ஸ்கேனரை மறந்துவிடுங்க. அதன் விளக்கு ஒரே கோணத்தில் அடிக்கிறது. தங்கம் அந்த ஒளியைச் சென்சாருக்கு வராமல் வேறு பக்கம் திருப்பிவிடுகிறது, அதனால்தான் பழுப்பு. கேமராவில்தான் எடுக்கணும். பலகையை அட்டையைப் போல ஒன்றரை மடங்கு, சுமார் 315க்கு 446 மில்லிமீட்டர் வைத்துக்கொள்ளுங்க. முக்காலி, 50 முதல் 100 மி.மீ. லென்ஸ், எஃப் 8, ஐஎஸ்ஓ 100. 24 மெகாபிக்சல் கேமராவே போதும்.

சமதளத் தங்கம் கண்ணாடி மாதிரி, எதிரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். வெள்ளைத் தெர்மாகோல் ஷீட் ஒன்றை ஒரு பக்கம் சாய்த்து, அதன் மேல் விளக்கை அடியுங்க. எதிர்ப் பக்கம் கருப்புத் துணி. தங்கத்தில் ஒரு ஓரம் வெளிச்சமாகவும் மறு ஓரம் இருட்டாகவும் நிறம் மெல்ல இறங்கணும். அந்த இறக்கம்தான் பார்ப்பவருக்கு உலோகம் என்று சொல்கிறது. இறக்கம் இல்லாத தங்கம் அச்சில் கடுகு மஞ்சள்தான். வண்ணப் பகுதியில் பளபளப்பு தெரிந்தால் விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் (பளபளப்பை வெட்டும் வடிகட்டி) போட்டு, கேமராவை அசைக்காமல் இன்னொரு படம் எடுங்க. அதில் தங்கம் கருத்துவிடும், பயப்படவேண்டாம். தங்கத்துக்கு முதல் படம், வண்ணத்துக்கு இரண்டாவது படம் என்று லேயர் மாஸ்க்கில் சேர்க்கணும். நிறம் சரிபார்க்கக் கிரே கார்டு வைத்து ஒரு ஷாட் மறக்காதீங்க.

அளவு ஆய்விதழுக்கு ஆய்விதழ் மாறும், அவர்கள் தரும் டெம்ப்ளேட்தான் முடிவு. ஏ4 என்று வைத்துக்கொண்டால் 210க்கு 297 மி.மீ. நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போகும் ஓரம்) சேர்த்தால் 216க்கு 303, அதாவது 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2551க்கு 3579 பிக்சல். மேல் கால்வாசியில் இதழின் பெயர் உட்காரும், அங்கே ஒரே சீரான நிறம் இருக்கட்டும். முக்கியமானது எதுவும் வெட்டுக் கோட்டிலிருந்து 10 மி.மீ.க்குள் வரக்கூடாது. படத்தில் எழுத்தே வேண்டாம், அம்புக்குறியும் வேண்டாம். அதெல்லாம் உள்ளே இருக்கும் படங்களின் வேலை.

ஆர்ஜிபியில் (திரை வண்ண முறை) வரைந்து, சிஎம்ஒய்கேயில் (நாலு மை அச்சு முறை) சாஃப்ட் ப்ரூஃப், அதாவது அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே பாருங்க. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் இலவசமாகவே செய்யலாம். உங்களுக்கு அடி விழப்போவது பச்சையில்தான். இளம் நாற்றின் அந்தப் பளிச்சென்ற மஞ்சள்பச்சை மையில் வராது, மங்கிவிடும். அதைத் துரத்தாமல் சுற்றியுள்ள சேற்றை இன்னும் இருட்டாக்கினால் பச்சை தானாகத் தூக்கித் தெரியும். ஆனால் அந்த இருட்டில் நாலு மையும் சேர்ந்து 300 சதவீதத்தைத் தாண்டினால் காய்வதற்கு முன் ஒட்டிக்கொள்ளும். தங்கத்தின் நடுத்தர நிறத்துக்கு சயான் 15, மெஜந்தா 32, மஞ்சள் 78, கருப்பு 5 என்று தொடங்கிப் பாருங்க.

கடைசியாகப் படத்தை 200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்க. பெரும்பாலானவர்கள் அட்டையை இணையத்தில் அந்த அளவில்தான் பார்ப்பார்கள். சக்கரம் சக்கரமாகத் தெரிந்தால் சரி.

அரசலாறு:

ரொம்ப நன்றிங்க. கதிரையும் இலைநுனிக் குமிழையும் எடுத்துவிட்டேன். வேரின் குறுக்குவெட்டு நடுவுக்குச் சற்றுக் கீழே பெரிதாக, ஆரக்கால்களுக்கு இடையே ரேக். என்சைம் விஷயம் மட்டும் பாக்கி. நேரம் குறைவு, சேற்றையும் பின்னணியையும் ஏஐயில் எடுத்துக்கொள்ளலாமா?

வெட்டாறு:

ஏஐ வேண்டாம். நேச்சர் குழுமம் 2023லிருந்தே ஏஐ உருவாக்கிய படங்களைப் பொதுவாக ஏற்பதில்லை. எல்ஸ்வியர் பதிப்பகம் அட்டைக்கு மட்டும், முன்கூட்டியே அனுமதி வாங்கி உரிமைகள் தெளிவாக இருந்தால் சில நேரம் விடலாம் என்கிறது. உங்கள் இதழின் விதி எதுவோ தெரியாமல் பத்து நாள் உழைப்பைப் பணயம் வைக்காதீங்க. சேறுதானே, நிஜச் சேற்றைப் படமெடுத்து நிறம் மாற்றினாலே ஆயிற்று.

என்சைமுக்கு வாருங்கள். மெத்தில் கோஎன்சைம் எம் ரிடக்டேஸ், மீத்தேன் உண்டாகும் கடைசிப் படி இதில்தான். புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற புரத வடிவத் தளத்தில் 1எம்ஆர்ஓ (1MRO) என்ற எண்ணில் இருக்கிறது. அங்குள்ள தரவுக்குக் கட்டணமோ அனுமதியோ கிடையாது, அட்டைக் குறிப்பில் எண்ணைச் சொன்னால் போதும். ஆனால் அது சுமார் 65 டிகிரியில் வாழும் ஒரு நுண்ணுயிரியிடமிருந்து எடுத்த வடிவம், நம் வயல் சேற்று வகை இல்லை. மாணவரிடம் சொல்லி, அட்டைக் குறிப்பில் ஒரு வரி எழுதச் சொல்லுங்க. மதிப்பீட்டாளர் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது.

இறக்கும்போது உயிரியல் அமைப்பு (என்சைமின் முழு வடிவம்) முழுதாக இருக்கிறதா பாருங்க, மொத்தம் ஆறு புரதச் சங்கிலிகள் வரணும், இருமடிச் சமச்சீரோடு (அரைச் சுற்று திருப்பினால் அதே வடிவம்). பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மாலிக்யுலர் நோட்ஸ் என்ற ஆட்ஆன் இலவசம், நேரடியாக எண்ணைக் கொடுத்தால் இறக்கிவிடும். மூலக்கூறு காட்டும் கைமெராஎக்ஸ் மென்பொருள் இன்னும் எளிது. ஆனால் அது வணிக வேலைக்கு இலவசம் இல்லை, காசு வாங்கிச் செய்கிறீர்கள் என்றால் லைசென்ஸைப் படித்துவிடுங்க. நாடா வடிவம் அட்டைக்குச் சிக்கலாகத் தெரியும், மேற்பரப்பு வடிவம்தான் நல்லது. ஆறு சங்கிலிக்கும் ஆறு நிறம் கொடுத்தால் திருவிழாத் தோரணம் ஆகிவிடும். ஒரே மண் நிறத்தில் மூன்று சாயல் போதும். உள்ளே நிக்கல் இருக்கும் எஃப்430 மூலக்கூறை மட்டும் மஞ்சளாக விடுங்க. அது நிஜமாகவே மஞ்சள், உங்கள் தங்கத்தோடும் பேசும்.

பிளெண்டரில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: 4.0 பதிப்பிலிருந்து வியூ டிரான்ஸ்ஃபார்ம் (நிறத்தைத் திரைக்கு மாற்றும் அமைப்பு) தானாகவே ஏஜிஎக்ஸில் இருக்கும், அது வெளிச்சமான நிறங்களை வெளிறச் செய்கிறது. ஓவியத்திலிருந்து எடுத்த நிறம் ரெண்டரில் (மென்பொருள் தரும் இறுதிப் படத்தில்) பொருந்தாமல் போவது அதனால்தான். ஸ்டாண்டர்டுக்கு மாற்றுங்க. பின்னணியை ட்ரான்ஸ்பரன்ட் ஆக்கி, 16 பிட்டில் எடுங்க. 8 பிட்டில் எடுத்தால் இருட்டுச் சேற்றில் நிறம் படிப்படியாக வரிவரியாகத் தெரியும். ஓவியத்தில் விளக்கு இடதுபக்கம் மேலே இருந்தால் ரெண்டரிலும் அங்கேயே இருக்கணும்.

கொள்ளிடம்:

படம் போகும் முன் காகிதத்தில் ஒரு ஒப்பந்தம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19: உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்கணும். காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். ஆய்விதழோ உலகம் முழுக்க, காலவரம்பில்லாமல் கேட்கும். அதனால் இரண்டையும் எழுதுங்க. பிரிவு 17இன்படி, காசு கொடுத்துக் கேட்டு வரையவைத்த ஓவியத்துக்கு வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கேட்டவரே முதல் உரிமையாளர். மூலப் பலகை உங்களிடமே இருக்கணும், அதைக் கண்காட்சியில் வைக்கவும் விற்கவும் உரிமை வேண்டும் என்றால் இப்போதே ஒரு வரி சேருங்க. அட்டைக்குத் தேர்வானால் சில இதழ்கள் கட்டுரை எழுதியவரிடம் கட்டணம் கேட்கும். அது எவ்வளவு, யார் கட்டுவது என்று மாணவர் முன்கூட்டியே கேட்டுவைக்கட்டும். தேர்வாகாவிட்டாலும் உங்களுக்குக் கூலி உண்டு என்பதையும் எழுதுங்க, தேர்வுக்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

அரசலாறு:

ஒப்பந்தம் எழுதிவிட்டேன். பென்சில் படத்தை மாணவருக்கு அனுப்பியாயிற்று. செல் சுவர் பதினாறு ஆரக்கால், நுனிவரை துருநிறம், வெளிவளையத்தில் தின்னும் வகை, அதற்கப்பால் கருஞ்சேற்றில் உண்டாக்கும் வகை.

வெண்ணாறு:

ஆரக்காலைச் சம இடைவெளியில் போடாதீங்க. செல்கள் சிதைந்து உண்டாகும் வெற்றிடம் அது, ஒன்று அகலமாகவும் ஒன்று குறுகலாகவும் இருக்கும், இரண்டு மூன்று சுவர் சேர்ந்தும் நிற்கும். துருவையும் நுனிவரை இழுக்கவேண்டாம். நுனியை வெள்ளையாகவே விடுங்க.