புதுப்பிப்பு: விஷ்லிஸ்ட் ஏறியும் விற்காத புதிர் விளையாட்டு – தீர்வு கிடைத்தது

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் என் புதிர் விளையாட்டை வெளியிட்ட பிறகு விஷ்லிஸ்ட் (பிறகு வாங்கலாம் என்று ஆட்கள் குறித்து வைக்கும் பட்டியல்) மட்டும் ஏறுகிறது, 15% தள்ளுபடிக்கும் விற்பனை அசையவில்லை என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, தள்ளுபடியை 20% ஆக்கச் சொன்னதுதான். விஷ்லிஸ்ட்டில் வைத்திருப்பவர்களுக்கு மின்னஞ்சல் போவது 20 சதவீதத்திலிருந்துதான். 15 வைத்தால் மடலே போகாது. மின்னஞ்சல் போன அன்றே விற்பனை ஏறத் தொடங்கியது. அடுத்த தள்ளுபடிக்கு 30 நாள் இடைவெளி வேண்டும், பருவகால விற்பனைகளுக்கு மட்டும் விலக்கு. விலையை ஏற்றினாலும் இதே காத்திருப்பு உண்டு என்பதால், முதலில் விலையை முடிவு செய்துவிடுங்கள்.

எதிர்பாராத பலன் தந்தது டேக் மாற்றம் (டேக் என்பது விளையாட்டின் வகையைச் சொல்லும் குறிச்சொல்). 'இண்டி', 'கேஷுவல்' இரண்டையும் கீழே இறக்கி, 'சோகோபான்' (பெட்டிகளைத் தள்ளி நகர்த்தும் புதிர் வகை), 'லாஜிக்' ஆகியவற்றை மேலே ஏற்றினேன். அதே வகைப் புதிர்களின் பக்கங்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள்; தள்ளுபடி முடிந்தும் அந்த வரத்து நிற்கவில்லை. டிரெய்லரை இன்னும் மாற்றவில்லை.