வலிப்பு நின்றுவிட்டது, மகளை யாரும் விளையாட்டில் சேர்ப்பதில்லை

திருச்சி அம்மா:
மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அப்சென்ஸ் வகை வலிப்பு. கை கால் இழுக்காது. பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று பத்து நொடி வெறித்துப் பார்ப்பாள், அப்புறம் விட்ட இடம் தெரியாமல் விழிப்பாள். வால்ப்ரோயேட் மாத்திரை தொடங்கியபின் அது நின்றுவிட்டது. ஆனால் இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் இரண்டாவது மறந்துபோகிறது. பள்ளியில் "கவனமில்லாத பிள்ளை" என்கிறார்கள். அதைவிட வேதனை, தெருவில் பாண்டி ஆடும் பிள்ளைகள் இவளைச் சேர்ப்பதில்லை. "அவளுக்கு ரூல்ஸே புரியல ஆன்ட்டி" என்கிறாள் ஒருத்தி. வலிப்பு நின்ற பிறகும் ஏன் இப்படி?

மதுரை சிறப்பாசிரியர்:
அம்மா, இது பல பிள்ளைகளிடம் காண்பதுதான். 2010-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், இதே வகை வலிப்புக்கு மூன்று மருந்துகளை ஒப்பிட்டார்கள். எத்தோசக்ஸிமைடும் வால்ப்ரோயேட்டும் வலிப்பை ஏறக்குறைய ஒரே அளவு அடக்கின. ஆனால் கவனச் சிக்கல் வால்ப்ரோயேட் எடுத்தவர்களில் 49 சதவீதம், எத்தோசக்ஸிமைடில் 33. இதை உங்கள் நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடவே கூடாது.

விளையாட்டு விஷயம் எனக்கு இன்னும் முக்கியம். பாண்டியின் விதியை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை, பார்த்துப் பார்த்துத்தான் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். நோய் தெரியாமல் இருந்த காலத்தில் இவளுக்கு அந்தப் பார்வையே அடிக்கடி அறுந்திருக்கும். கூட்டத்தில் விடாமல், ஒரே ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பல்லாங்குழி ஆடவிடுங்கள். முறை மாறி மாறி வரும், அவசரம் இல்லை. "என்ன சொன்ன, இன்னொரு தடவ சொல்லு" என்று தயங்காமல் கேட்கவும் பழக்குங்கள். பதில் வராததைத் திமிர் என்று நினைத்துத்தான் பிள்ளைகள் பாதி விலகுகிறார்கள்.

சேலம் அப்பா:
எங்கள் பையனுக்கு வேறு வகை வலிப்பு, லெவெடிராசிட்டம் என்ற மருந்து கொடுத்தார்கள். கோபமும் அடிதடியும் அதிகமாகி, நண்பர்கள் ஒதுங்கினார்கள். அந்த மருந்துக்கு அப்படி ஒரு பக்கவிளைவு உண்டு என்று டாக்டரே சொல்லி மாற்றிக் கொடுத்தார். நடத்தை மாறிய தேதிகளை நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள் சகோதரி.

திருச்சி அம்மா:
நன்றி. ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் சோதனை, பார்க்கச் சொல்கிறார்கள், அது போதுமா?

மதுரை சிறப்பாசிரியர்:
போதாது. ஐக்யூ சரியாக இருந்தும் கவனமும் நினைவும் தடுமாறலாம். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கும் நரம்பு உளவியல் மதிப்பீடு வேண்டும் என்று கேளுங்கள். அறிக்கை வந்ததும் வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். முன் பெஞ்ச், ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுதிப் போடுவது, இந்த மூன்றையும் முதலில் கேட்டுப் பெறுங்கள்.