புதுப்பிப்பு: பத்தாம் வகுப்பு முடித்த அக்கா மகனுக்கு முதல் அறிவியல் புனைகதை

தேர்வு விடுமுறையில் அவனுக்கு எந்த நாவலைக் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஆர்தர் சி. கிளார்க்கின் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' கொடுத்தேன். விண்வெளிக்கு மின்தூக்கி கட்டும் கதை. இலங்கையை மாதிரியாக வைத்து, அந்தத் தீவைப் பூமத்திய ரேகைக்கே நகர்த்தி எழுதியிருக்கிறார் என்றதும் ஆர்வமாக எடுத்தான். ஆனால் பழைய மன்னன் கதை வரும் அத்தியாயங்களில் நின்றுவிட்டான். அருமையான நாவல்தான், முதல் புத்தகமாகச் சரிவரவில்லை.

அப்புறம் பலர் சொன்ன சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. இதுதான் பலித்தது. கதை மாந்தருக்கெல்லாம் இரண்டே எழுத்துப் பெயர்கள், புத்தகம் படித்துப் படித்து அறிவு வளர்க்கும் இயந்திர நாய் ஜீனோ. மூன்றே நாளில் முடித்துவிட்டான், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் புத்தகம் விரிந்தே கிடந்தது.

எதிர்பாராதது ஒன்று. எண்பதுகளில் இதை விகடனில் வாராவாரம் படித்த அம்மா, அவன் முடிக்கக் காத்திருந்து மறுபடி வாசிக்கிறார். அவன் இப்போது இரண்டாம் பாகமான 'மீண்டும் ஜீனோ'வில் இருக்கிறான். வரிசை மாற்றாமல் கொடுங்கள்.