சிவனொளிபாதமலை: இவ்வளவு சனம் என்று தெரிந்தும் ஏன் போகிறோம்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஹட்டனிலிருந்து (தொடங்கியவர்)

இந்த ஜனவரி போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறைக்கு) அம்மாவைக் கூட்டிக்கொண்டு, உச்சியில் பாதத் தடம் இருக்கும் சிவனொளிபாதமலை ஏறினேன். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி வேறு. இரவு 9 மணிக்கு அடிவாரத்து நல்லதண்ணியில் நடக்கத் தொடங்கி, 1 மணிபோல மகாகிரிதம்ப என்ற கடைசிச் செங்குத்து ஏற்றத்தின் அடிக்கு வந்துவிட்டோம். அதற்கு மேல் வரிசை நின்றுவிட்டது. ஒரு படி ஏறினால் பத்து நிமிடம் நிற்க வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தபடி விடியும்வரை நின்றோம். சூரியன் உதித்ததைப் படியில் நின்றுதான் பார்த்தோம். உச்சியை அடைந்தபோது காலை 8 மணி தாண்டிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி கேட்டான்: "இவ்வளவு சனம் வரும் என்று தெரிந்துகொண்டே ஏன் அதே நாளில் போகிறீர்கள்?" எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்றிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் கூட்டமில்லாத மலையையும் நான் பார்த்திருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன், ஒரு செப்டம்பரில், தோழிகள் ஐந்து பேராகப் போனோம். டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு யாத்திரைப் பருவம் முடிந்துவிடும் அல்லவா? அதற்குப் பிறகு படிகளுக்கு விளக்கு எரியாது, வழிக்கடைகள் வெறும் கம்புகளாக நிற்கும். மலையின் காவல் தெய்வமான சமன் தெய்வத்தின் திருவுருவத்தையும் பெல்மதுளை விகாரைக்கு இறக்கிவிடுவார்கள். அடுத்த பருவம் தொடங்கும்போதுதான் ஊர்வலமாகத் திரும்பக் கொண்டுவருவார்கள். எங்களுக்கு மழை, கும்மிருட்டு, காலெல்லாம் அட்டை. வழியில் இருக்கும் ஜப்பான் பௌத்த தூபியைத் தாண்டியதும் ஒருத்தி படியில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள். இந்தக் காட்டில் சிறுத்தை உண்டு என்பதை அன்றுதான் எல்லோரும் நினைத்துப் பார்த்தோம். ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தோம். முழு மலையும் எங்களுக்குத்தான் சொந்தம். ஆனால் அந்த இரவைப் பற்றிக் கேட்டால் கைவிளக்கு வெளிச்சத்தில் நனைந்த படியும் என் சப்பாத்தும் மட்டும்தான் நினைவுக்கு வருகின்றன.

ஜனவரியில் அப்படியில்லை. குருநாகல் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம் எங்களுக்கு முன்னால் நின்றது. அந்தப் பாட்டிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. இருவரும் ஐந்து மணித்தியாலம் கதைத்தார்கள். முழங்காலைத் தொட்டுக் காட்டி, தைலத்தை மாற்றிப் பூசிக்கொண்டார்கள். பாட்டியின் பேரன் தன் கம்பளிச் சால்வையை அம்மாவின் தோளில் போட்டுவிட்டான். இறங்கி வருகிறவர்கள் எல்லாரும் "கருணாவய்" என்று வாழ்த்திக்கொண்டே போனார்கள். அம்மாவும் "அரோகரா" சொல்வதை விட்டுவிட்டு, "கருணாவய்" என்றே பதில் சொல்லப் பழகிவிட்டார்.

மேலே மணி இருக்கிறது, தெரியும்தானே? எத்தனை முறை மலை ஏறினோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும். அம்மா இரண்டு முறை அடித்தார். முதல்முறை ஏறியபோது அவர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த சின்னப் பெண்.

உங்களுக்கு எப்படி? நீங்கள் ஏன் போனீர்கள்?

கொழும்பிலிருந்து

அக்கா, உயரத்துக்காக யாரும் அங்கே போவதில்லை என்பது மட்டும் நிச்சயம். நம் நாட்டின் உயர்ந்த மலை பிதுருதாலகால, 2,524 மீட்டர். சிவனொளிபாதமலை 2,243 மீட்டர்தான். இரண்டாவது உயர்ந்த மலையான கிரிகல்பொத்தைக்கு ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து நடந்தே போகலாம். நாங்கள் மூன்று பேர் போனோம். புல்வெளி, சேறு, குட்டை மரங்கள், பிறகு பாறை. திரும்பி வரும்வரை வேறொரு மனிதரைப் பார்க்கவில்லை. அருமையான நடை, எனக்கு இன்றைக்கும் அதுதான் பிடித்த மலை. ஆனால் என் அலுவலகத்தில் கிரிகல்பொத்தை என்றால் பாதிப் பேருக்கு அது எங்கே என்று தெரியாது.

சிவனொளிபாதமலை கண்ணில் படுகிற மலை. மலைநாட்டின் தென்மேற்கு ஓரத்தில், கூம்பு மாதிரித் தனியாக எழுந்து நிற்கிறது. பிதுருதாலகாலவைச் சுற்றி அதே அளவு மலைகள் நிற்பதால் அதன் உயரம் தெரிவதில்லை. இதுவோ டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்த காலைகளில் கொழும்பு மாடியிலிருந்தே தெரியும். கப்பல்காரர்கள் கரை தெரியும் முன்பே இந்த மலையைக் கண்டிருக்கிறார்கள். அப்படித் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வளர்ந்த ஒன்றில் ஒருநாள் ஏறிப் பார்க்க வேண்டும் என்று தோன்றத்தானே செய்யும்?

இன்னொன்று. கிரிகல்பொத்தைக்கு என் அம்மாவைக் கூட்டிப்போக என்னால் முடியாது. சிவனொளிபாதத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே எழுபது வயதுக்காரர்கள் வெறுங்காலோடு ஏறுகிறார்கள், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். அதைப் பார்க்கிற எவருக்கும் 'என்னாலும் முடியும்' என்று படும். மலையேறியே பழகாத ஒருவருக்கு அந்தத் துணிச்சலைத் தருவது முன்னால் போகிறவர்கள்தான்.

மஸ்கெலியாப் பக்கத்தவர்

நான் இதை மறுபக்கத்திலிருந்து பார்த்தவன். அப்பா தோட்டத்தில் வேலை. பருவம் தொடங்கியதும் சித்தப்பாவோடு சேர்ந்து வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை போடுவார். பத்து வயதிலிருந்து நானும் அந்தக் கடையில்தான் இரவுகளைக் கழித்தேன். மா மூட்டை, சீனி, காஸ் சிலிண்டர் எல்லாம் ஆட்களின் தோளில்தான் மேலே போகும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன்மார் சுமந்து போவார்கள். நீங்கள் குடிக்கிற ஒரு கோப்பை இஞ்சிப் பிளேன்டீயின் விலை கீழே இருப்பதைவிட ஏன் கூட என்று கேட்பவர்கள், அந்தப் படிகளில் வெறும் கையோடு ஏறும்போதே எப்படி மூச்சு வாங்கியது என்று நினைத்துப் பாருங்கள்.

அக்கா சொன்ன நெரிசலுக்குக் காரணம் வருகிற ஆட்களின் எண்ணிக்கை மட்டும் இல்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே இடம் வேண்டும். காலை 6 மணிக்கு உச்சியில் நிற்க வேண்டும். உச்சியோ சின்ன இடம். இரவு 2 மணிக்கே மேலே போனவர்கள் பாதத்தை வணங்கிவிட்டு இறங்குவதில்லை, குளிரில் சுருண்டு உட்கார்ந்து விடியலுக்காகக் காத்திருக்கிறார்கள். மேலே இடம் காலியாகாது, அதனால் கீழே வரிசை நகராது. நடுவில் கடைசி ஏற்றம் செங்குத்து, பாதை ஒடுக்கம். வெள்ளி, சனி இரவும் போயா இரவும் வேலை முடிந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்குவார்கள். செவ்வாய்க்கிழமை இரவு வாருங்கள், அதே பருவத்தில், அதே விளக்கு வெளிச்சத்தில் நாலு மணித்தியாலத்தில் மேலே போய்விடலாம்.

ஆனாலும் அந்த விடியலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கிழக்கே சூரியன் வரும்போது எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்து நிற்பார்கள். அப்பா என்னைத் தூக்கி மேற்குப் பக்கம் திருப்பினார். பனிமூட்டத்தின் மேல் மலையின் நிழல் முக்கோணமாக விழுந்து கிடந்தது. கோடு கிழித்த மாதிரி. சூரியன் ஏற ஏற அது சுருங்கி மலையடிக்கு வந்து மறைந்துவிட்டது. எத்தனை பேர் இருந்தாலென்ன, அப்போது அங்கே ஒரு சத்தமும் இல்லை.

கைபேசி வந்த பிறகு புதிதாக ஒரு கூட்டம் வருகிறது, அது உண்மை. முன்பு சாமிக்கு நேர்ந்துகொண்டு வந்தவர்கள்தான் அதிகம், இப்போது படம் பார்த்து வருகிறவர்களும் அதிகம். அவர்களையும் நான் ஒதுக்க மாட்டேன். படத்துக்காக ஏறிய பையன்கள் முன்னால் போகிற கிழவியின் பையை வாங்கிச் சுமந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு வலிப்பது பொலித்தீன்தான். பருவம் முடிந்து கடை பிரிக்கும்போது படியோரக் காட்டுக்குள் பார்த்தால் மனம் உடைந்துவிடும். 2010இல் உலக மரபுரிமையாக அறிவித்த காடு அது. தண்ணீர்ப் போத்தலைத் தயவுசெய்து திரும்பக் கொண்டுபோங்கள்.

மாவனல்லையிலிருந்து

எங்கள் வீட்டில் இதைப் பாவாத மலை என்போம். ஆதம் நபியின் பாதம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லித்தான் வளர்ந்தோம். பௌத்தர்களுக்குப் புத்தரின் ஸ்ரீபாதம், சைவர்களுக்குச் சிவன் பாதம், கிறிஸ்தவர்களில் சிலருக்குத் தோமையாரின் பாதம். நாலு சமயத்தாரும் ஒரே தடத்தைக் கும்பிட வந்தால் கூட்டம் வராமல் எப்படி இருக்கும்?

இது நேற்று வந்த கூட்டமும் இல்லை. முதலாம் விஜயபாகு மன்னர் 11ஆம் நூற்றாண்டிலேயே இந்த மலைக்கு வரும் யாத்திரிகர்களின் உணவுக்காகக் கிலிமலை என்ற ஊரை எழுதிவைத்தார். 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபுன் பதூதா வந்தார். அவரை அனுப்பிவைத்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பல்லக்கு, வழித்துணைக்கு யோகிகள், பிராமணர்கள், சாமான் சுமக்க ஆட்கள் என்று எல்லாம் கொடுத்து அனுப்பினார். மலைக்கு அன்றைக்கும் இரண்டு வழி இருந்திருக்கிறது: பாபா வழி கடினமானது, மாமா வழி இலகுவானது. இலகுவான வழியால் ஏறினவரை யாத்திரை செய்தவராகவே அந்தக் காலத்து ஆட்கள் ஏற்றுக்கொள்ளவில்லையாம்.

என் வாப்பா இரத்தினபுரிப் பக்கம், பலாபத்தல வழியாகத்தான் என்னைக் கூட்டிப்போனார். அந்த வழி நீளம், ஏற்றமும் கூட, ஆட்கள் குறைவு. நடுவில் தளர்ந்துபோய் "ஹட்டன் பக்கமாகப் போயிருக்கலாமே" என்றேன். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை, பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தார். மேலே போனதும் இரண்டு வழி ஆட்களும் ஒரே முற்றத்தில் கலந்துவிட்டோம். யார் எந்தப் பக்கத்தால் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வவுனியாவிலிருந்து

எல்லோரும் நல்லதாகவே எழுதியிருக்கிறீர்கள், என் அனுபவம் அப்படியில்லை. ஆறு வயது மகளோடு ஒரு நீண்ட விடுமுறை இரவில் போனேன். வரிசையில் பின்னாலிருந்து தள்ளினார்கள். முன்னால் நகர வழியில்லை, திரும்பி இறங்கவும் வழியில்லை. பிள்ளைக்கு மூச்சு முட்டியது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கையைக் கோத்து வளையம் போல நின்று அவளைக் காப்பாற்றினார்கள். நான் உச்சிக்குப் போகாமலே இறங்கிவிட்டேன். சிறுபிள்ளைகளோடு போயா இரவிலோ நீண்ட விடுமுறையிலோ போகாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

கோயம்புத்தூரிலிருந்து

உங்கள் மலையை நான் பார்த்ததில்லை. ஆனால் படிக்கப் படிக்க எங்கள் வெள்ளியங்கிரி ஞாபகம்தான் வந்தது. ஏழு மலை, பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ராத்திரியில் ஏறுவோம். வனத்துறை பிப்ரவரியிலிருந்து மே வரைதான் விடுகிறது. அதனால் வருஷம் முழுக்கப் பிரிந்து வர வேண்டிய கூட்டம் சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் மொத்தமாக வந்து விழுகிறது. 2024இல் ஏறும்போதே மூச்சுத் திணறிப் பல பேர் இறந்துபோனார்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் தயவுசெய்து டாக்டரிடம் கேட்காமல் ஏறாதீர்கள். 'இத்தனை பேர் போகிறார்களே' என்ற தைரியம் எனக்கும் உண்டு, என் மாமாவுக்கும் இருந்தது. மூன்றாவது மலையில் அவருக்கு நெஞ்சு வலித்தபோது முன்பின் தெரியாத நாலு பேர் துணியில் தொட்டில் கட்டிச் சுமந்து இறக்கினார்கள். பிழைத்துக்கொண்டார். அந்த நாலு பேரின் பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஹட்டனிலிருந்து (தொடங்கியவர்)

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வவுனியா அண்ணா எழுதியதைக் கேட்டு, பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்கச் சொன்னார். பதில் போடுங்கள்.

தம்பிக்கும் காட்டினேன். மஸ்கெலியா அண்ணா சொன்ன செவ்வாய்க்கிழமைக் கணக்கு அவனுக்குப் பிடித்துவிட்டது. அவனே லீவு போட்டுக் கூட்டிப்போகிறேன் என்கிறான். அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான்: வார நாள் என்றால் வரிசையில் கதைக்க ஆள் இருக்குமா என்று கேட்கிறார். குருநாகல் பாட்டியின் பேரனிடம் நம்பர் வாங்கி வைத்திருந்தேன். நேற்று எடுத்துப் பேசினோம். மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, நல்லதண்ணி பஸ் நிலையத்தில் சந்திப்பதாகப் பேச்சு. பாட்டிக்கு அது ஒன்பதாவது தடவையாம். அம்மாவுக்கு மூன்றாவது. அந்தச் சால்வையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.