பிள்ளை பெற்றவளுக்கு ஒரு செம்பு தண்ணீர்

பூம்பாறை அண்ணி:
பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் எப்படி என்று நம் கொடைக்கானல் மலை ஊர்களில் எல்லோருக்கும் தெரியும், நேராகச் சொல்லிவிடுகிறேன். நாத்தனாருக்குப் பிரசவம் ஆகி ஆறாம் நாள். மார்கழிக் குளிர். நடுராத்திரி பிள்ளை அழுகிறதே என்று எழுந்து போனேன். பிள்ளையைத் துடைக்க நனைத்து வைத்திருந்த துணியை வாயில் வைத்து அவள் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "அண்ணி, அம்மாகிட்ட சொல்லிராதீங்க." தண்ணீர் குடித்தால் வயிறு தள்ளிவிடும் என்று ஒரு நாளைக்கு அரை டம்ளர் சுக்கு வெந்நீர்தான் அவளுக்கு. அடுப்படியிலிருந்து ஒரு செம்பு வெந்நீர் கொண்டுபோனேன், மூச்சு விடாமல் குடித்தாள். மறுநாள் அத்தையிடம் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. மூன்று வருஷமாக அந்தத் துணி கண்ணிலேயே நிற்கிறது.

பண்ணைக்காட்டுக்காரி:
எடுத்ததும் பெரியவர்களைக் குறை சொல்லாதீர்கள். எங்கம்மா மலைப்பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி, கருப்பட்டி போட்டுக் கிளறித் தருவார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது, சும்மா இல்லை. நாட்டுக்கோழிச் சாறு, முருங்கைக்கீரை எல்லாம் உண்டு. இரண்டு பிள்ளைக்கும் ஒன்றரை வயது வரை பால் கொடுத்தேன்.

ஆனால் ஒன்று எனக்கும் உறுத்தும். வாசலில் கமலா ஆரஞ்சு பழுத்துக் கிடந்தது. ஒரு சுளை கேட்டதற்கு, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்றார்கள். மூத்தவன் தின்று போட்ட தோலை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தாண்டிக்குடி நர்ஸ்:
கிராமச் செவிலியராக இருந்தவள் நான். ஒரு வீட்டில் பிள்ளை பெற்றவள் கண்ணெல்லாம் வெளிறிக் கிடந்தாள். "மாத்திரை போடுறியாம்மா?" என்றால், "தினமும் வரக்காப்பியோட போடுறேன் சிஸ்டர்" என்று பெருமையாகச் சொன்னாள். தப்பு என்மேல்தான். அட்டையைக் கொடுத்தேனே தவிர, எதோடு போடுவது என்று சொல்லவில்லை.

அதனால் இப்போது சொல்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள் போட வேண்டும். காப்பியும் டீயும் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, நெல்லிக்காய் சேர்ந்தால் சத்து நன்றாக ஏறும். பண்ணைக்காட்டம்மா, உங்களுக்கு மறுத்த அந்தச் சுளை மருந்து மாதிரி! கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் போடுங்கள். பூண்டு சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். முதல் ஆறு மாதம் தாய்க்கு நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும், அதாவது இன்னொரு வேளைச் சாப்பாடு. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும், வயிறெல்லாம் தள்ளாது. கேரட்டையும் பீன்ஸையும் லாரி லாரியாக ஏற்றி அனுப்புகிற ஊரில், பெற்றவளுக்கு மட்டும் வாயு, குளிர்ச்சி என்று வெறும் ரசச்சோறு போடுகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மன்னவனூர்:
சிஸ்டர், நீங்கள் சொல்வது சரி. ஆனால் இன்னொரு வேளைச் சாப்பாடு என்கிறீர்களே, அதை யார் போடுவது? 28-ம் நாளே பூண்டு உரிக்க உட்கார்ந்தவள் நான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் எனக்கு. ஒருநாள் வீட்டுக்காரர் தன் தட்டில் இருந்த முட்டையில் பாதியைப் பிட்டு, அவங்க அம்மா அடுப்புப் பக்கம் திரும்பின நேரம் பார்த்து என் தட்டில் சோற்றுக்கு அடியில் வைத்தார். அவருக்கே அவ்வளவு பயம் என்றால், எனக்குக் கேட்க வாய் எப்படி வரும்?

பூம்பாறை அண்ணி:
எல்லாவற்றையும் படித்தேன். நாத்தனாருக்கு இப்போது மறுபடியும் ஏழாம் மாதம். பிரசவத்துக்கு இங்கேதான் வருகிறாள். அவள் கட்டில் பக்கத்தில் வைக்க வத்தலக்குண்டில் ஒரு பிளாஸ்க் வாங்கிவிட்டேன், ஒன்றரை லிட்டர் பிடிக்கும். அத்தையிடம் இன்னும் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காட்டப்போகிறேன்.