ட்ரோனில் டார்ச் கட்டி இரவில் ஆள் தேடினேன், திரையில் வெறும் வெள்ளைப் புகை. எந்த லைட், எங்கே மாட்டுவது?

குளித்தலைக் கேமரா:

கல்யாண வீடியோ எடுக்கிறவன் நான். கையில் இருப்பது 600 கிராமுக்குக் கொஞ்சம் குறைவான மடக்கு ட்ரோன். மண்டபத்தை மேலிருந்து சுற்றிக் காட்டத்தான் வாங்கினேன். போன மார்கழியில் பக்கத்து ஊரில், ஞாபக மறதி உள்ள ஒரு தாத்தா சாயங்காலம் வாழைத் தோட்டத்துப் பக்கம் நடந்து போனவர் திரும்பவில்லை. இரவு எட்டரைக்கு அவர் பேரன் வந்து நின்றான். "அண்ணே, உங்ககிட்ட ட்ரோன் இருக்குல்ல, கொஞ்சம் பறக்கவிட்டுப் பாருங்கண்ணே." இல்லை என்று சொல்ல வாய் வருமா?

மெக்கானிக் கடையில் பானட்டுக்கு அடியில் தொங்கவிடுவார்களே, அந்த மாதிரி ஒரு டார்ச் வீட்டில் இருந்தது. பெட்டியில் 2000 லூமன் என்று போட்டிருந்தது. ட்ரோனின் வயிற்றில் இரண்டு கேபிள் டை போட்டு இறுக்கினேன். ஆன் செய்ததுமே காம்பஸ் எரர். இரும்புக் கேட் பக்கத்தில் நிற்பதால் இருக்கும் என்று நினைத்துக் களத்துமேட்டுக்கு நகர்ந்து, காலிபிரேட் செய்து ஏற்றினேன். ஏறியது. ஆனால் குச்சியை விட்டால் ஒரே இடத்தில் நிற்காமல் செக்கு மாடு மாதிரி வட்டம் போட்டது.

அதைவிடக் கொடுமை படம். காவிரிப் பனி இறங்கிவிட்டதால் திரை முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி வெளுப்பு. பன்னிரண்டு நிமிடம் போராடிவிட்டு இறக்கினேன். பதினோரு மணிக்குத் தாத்தாவைக் கண்டுபிடித்தது நடந்து போனவர்கள்தான். ஒரு மோட்டார் கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கொட்டகைக்கு மேலே நான் இரண்டு தடவை பறந்திருக்கிறேன், பதிவில் அதன் ஓடுகூடத் தெரிகிறது.

ஒழுங்கான லைட் ஒன்று மாட்ட வேண்டும். லூமனை இன்னும் கூட்டினால் சரியாகுமா? ஐயாயிரம் வரை செலவழிக்கலாம்.

ஈயப்பற்று:

தம்பி, முதலில் அந்த டார்ச்சின் அடியை ஒரு ஆணி மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வட்டம் போட்டதற்குக் காரணம் அதுதான். மெக்கானிக் டார்ச் பெரும்பாலும் அடியில் காந்தத்தோடுதான் வரும். காம்பஸுக்கு ஒரு சாண் தூரத்தில் காந்தத்தைக் கட்டிவிட்டு காலிபிரேட் செய்து என்ன பிரயோசனம்? எந்தப் பக்கம் வடக்கு என்று குழம்பிப்போய்த்தான் அது சுற்றியிருக்கிறது. கைநழுவிப் போகாமல் திரும்பி வந்ததே பெரிய விஷயம்.

அடுத்தது லூமன். லூமன் என்பது மொத்த வெளிச்சம், குடத்தில் எவ்வளவு தண்ணீர் என்கிற மாதிரி. குழாயில் எவ்வளவு வேகமாகப் பீய்ச்சுகிறது என்பதுதான் உங்களுக்குத் தேவை, அதற்குக் கேண்டெலா என்று பெயர். உங்கள் டார்ச் பானட்டுக்கு அடியில் பரவலாக அடிப்பதற்குச் செய்தது. முப்பது மீட்டர் தள்ளிப் போனால் அதில் சத்து இருக்காது.

பெட்டியில் கேண்டெலா போடாவிட்டாலும் கணக்குப் போடலாம். நல்ல டார்ச்சுகளில் எஃப்எல்1 என்கிற டார்ச் அளவீட்டுத் தரப்படி தூரம் எழுதியிருப்பார்கள். ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவுதான் லக்ஸ்; அது கால் லக்ஸுக்குக் குறையும் இடம் வரைக்குமான தூரம் அது, கிட்டத்தட்டப் பௌர்ணமி நிலவு அளவு. அந்தத் தூரத்தைத் தன்னாலேயே பெருக்கி நான்கால் வகுத்தால் கேண்டெலா. 200 மீட்டர் என்று போட்டிருந்தால் 10,000. அதை எதிரில் உள்ள தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ். 30 மீட்டரில் 11, 60 மீட்டரில் 3-க்கும் கீழே. உயரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும், இதை மட்டும் மறக்காதீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை. டிஜேஐ மேவிக் 2 என்டர்பிரைஸ் ட்ரோனுக்கென்றே கொடுத்த ஸ்பாட்லைட்டிலும் 30 மீட்டரில் 11 லக்ஸ்தான். கற்றை அகலம் 17 டிகிரி, எடை 68 கிராம். அதாவது அந்த உயரத்தில் ஒன்பது மீட்டர் அகலமுள்ள ஒரு வட்டம், அவ்வளவுதான். அதுவே போதும் என்றுதான் செய்திருக்கிறார்கள். ஆகவே 200 மீட்டர் எழுதிய, குறுகலாக அடிக்கிற, காந்தம் இல்லாத சின்ன டார்ச் வாங்குங்கள். ஸூம் டார்ச் வேண்டாம், அந்த லென்ஸ் மூக்கு அதிர்விலேயே நகர்ந்துகொண்டிருக்கும்.

பேட்டரி: உங்கள் ட்ரோனிலிருந்து மின்சாரம் எடுக்கப் பார்க்காதீர்கள். டார்ச்சின் சொந்த 18650 செல் போதும், அது ஒன்றே ஏறக்குறைய 48 கிராம். மாட்டும் கிளிப்பையும் சேர்த்து மொத்தம் 120 கிராமைத் தாண்டவிடாதீர்கள். வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள், பெட்டியில் போட்டிருக்கும் எடையில் பல சமயம் செல் சேர்ந்திருக்காது.

குளித்தலைக் கேமரா:

மூன்று இன்ச் ஆணி டப்பென்று ஒட்டிக்கொண்டது அண்ணே. தலையில் அடித்துக்கொண்டேன். சரி, வயிற்றில் கட்டியதும் தப்புதானா?

ஈயப்பற்று:

தப்புதான். அங்கே கீழ்நோக்கிப் பார்க்கும் சென்சார்கள் இருக்கின்றன, நீங்கள் அதன் கண்ணைக் கட்டிவிட்டீர்கள். முதுகின் மேல், முன்பக்கம் மாட்டுங்கள். பேட்டரியைக் கழற்றும் பொத்தானும் காற்றுப் போகும் துளைகளும் மூடக்கூடாது. டிபியு என்கிற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்த கிளிப்பாக இருந்தால் கொஞ்சம் அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். டார்ச்சின் வாய் கேமராவைவிட ஒரு விரற்கடை முன்னால் நீட்டியிருக்கட்டும். அதன் மேல் உள்பக்கம் கறுப்படித்த ஒரு துண்டு பிவிசி குழாயைத் தொப்பி மாதிரி மாட்டினால் சிதறல் வெளிச்சம் லென்ஸில் விழாது. நீங்கள் பார்த்த பால் வெளுப்பில் பாதி அந்தச் சிதறல், மீதி பனித்துளி.

பனியை மட்டும் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. காரில் ஹைபீம் போட்டால் பனிச்சுவர் முகத்தில் அடிக்குமே, அதேதான். வெளிச்சத்தைக் கூட்டினால் சுவர்தான் இன்னும் வெளுக்கும். இரண்டு மடங்கு ஸூம் வைத்துப் பாருங்கள், கிட்டத்தில் வெளுக்கும் பனியில் கொஞ்சமாவது படத்துக்கு வெளியே போகலாம்.

மேகமலை அடிவாரம்:

நான் கம்பம் பக்கம். காணாமல் போன மாடு ஆடு தேடித்தான் எனக்குப் பழக்கம், ஆள் தேடியது இரண்டே தடவை. லைட் வாங்கும் விஷயத்தில் மேலே அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஓட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன்.

மாட்டின் கண் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், முப்பது மீட்டரிலிருந்தே இரண்டு பச்சைப் புள்ளி. லைட் கேமராவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கிடைக்கிற லாபம் அது. மனிதக் கண்ணுக்கு அந்த மினுக்கம் கிடையாது. லைஃப் ஜாக்கெட்டில் ஒட்டும் பட்டை, பள்ளிப் பையில் இருக்கும் வெள்ளிக்கோடு, சைக்கிளின் பின் ரிஃப்ளெக்டர் இதெல்லாம் பளிச்சிடும். காவி வேட்டி கட்டிய தாத்தா பளிச்சிட மாட்டார்.

ஆட்டோவில் விட்டால் கேமரா நடுவில் இருக்கிற வட்டத்தை வெளுக்க வைத்துவிடும். கையால் வையுங்கள்: ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/25. அந்த ஷட்டரில் நகர்ந்துகொண்டே பார்த்தால் எல்லாம் கோடு கோடாகத்தான் தெரியும். நின்று, ஐந்து எண்ணி, பார்த்துவிட்டு அடுத்த இடம். டார்ச்சை முழு வெளிச்சத்தில் வையுங்கள். குறைத்து வைத்தால் சில டார்ச் கண்ணுக்குத் தெரியாமல் விட்டு விட்டு எரியும், திரையில் பட்டை பட்டையாக ஓடும்.

இன்னொன்று, இதுதான் நான் அடிபட்டுக் கற்றது. டார்ச்சும் கேமராவும் ஒரே இடத்தில் இருந்தால் நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். திரையில் எல்லாமே தட்டையாகத் தெரியும், மனிதனும் மண்மேடும் ஒன்றுதான். ஆனால் அதே வெளிச்சத்தைக் கீழே பக்கவாட்டில் நிற்கிறவன் பார்த்தால் அவனுக்கு நிழல் தெரியும். அதனால் நான் இப்போது திரையை நம்பித் தேடுவதில்லை. நடக்கிறவர்களுக்கு இருபது மீட்டர் முன்னால் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டே போகிறேன், கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. உங்கள் தாத்தாவும் அப்படித்தானே கிடைத்தார்?

கூரைக்கு அடியில் இருக்கிறவரை எந்த லைட்டும் காட்டாது, தெர்மல் கேமராவும் காட்டாது. கொட்டகை, பம்ப்செட், சாமி மேடை இதையெல்லாம் ஆள் விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வரைபடம் பாருங்க முதல்ல:

அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா, அதாவது முன் அனுமதி இல்லாமல் பறக்கலாமா என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். 2021 ட்ரோன் விதிகளில் எடை என்பது டார்ச்சையும் சேர்த்துத்தான். உங்களுடையது 2 கிலோவுக்குள், மைக்ரோ வகை, டார்ச் கட்டினாலும் வகை மாறாது. 249 கிராம் ட்ரோன் வைத்திருப்பவர்கள் டார்ச் கட்டினால் 250 கிராம் வரைக்குமான நானோ வகையிலிருந்து வெளியே வந்துவிடுவார்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏற்றுங்கள். நள்ளிரவில் தோட்டத்து மேல் வெளிச்சம் சுற்றினால் திருடன் என்று கல்லெறிவார்கள்.

இருட்டில் தடை உணரும் சென்சார் வேலை செய்யாது என்பதும் நினைவிருக்கட்டும். சிக்னல் போனால் ட்ரோன் தானாக வீடு திரும்பும் உயரத்தைத் தென்னைக்கும் கரண்ட் கம்பிக்கும் மேலே, 40 மீட்டருக்கு வையுங்கள்.

குளித்தலைக் கேமரா:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். 1,850 ரூபாய்க்கு டார்ச், கிளிப் பிரிண்ட் செய்ய 300. எல்லாம் சேர்த்து 131 கிராம். பதினொரு கிராம் கூடுதல்தான், மன்னியுங்கள் அண்ணே. 24 நிமிடம் பறந்தது இப்போது 18-தான் பறக்கிறது.

கோணம் வைக்கத்தான் ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. களத்துமேட்டில் அப்பாவின் எட்டு முழ வேட்டியை விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்தேன். 25 மீட்டர் உயரத்தில், கேமராவை 45 டிகிரி கீழே சாய்த்து, வேட்டி திரையின் நடுவில் வரும்படி நிறுத்தினேன். வெளிச்ச வட்டம் வேட்டிக்கு ஆறு மீட்டர் முன்னால் விழுந்தது. இறக்கி, கிளிப்புக்கு அடியில் சைக்கிள் ட்யூப் துண்டை மடித்து வைத்து, மறுபடி ஏற்றி. ஏழாவது தடவையில் பொருந்தியது. இன்னும் சாய்த்தால் ட்ரோனின் மூக்கே வெளிச்சத்தை மறைக்கிறது, ஆகவே 45-லேயே விட்டுவிட்டேன்.

அப்புறம் மச்சினனை வாழைக்குள் எங்கேயாவது படுத்துக்கொள்ளச் சொன்னேன். திரையை மட்டும் பார்த்துத் தேடியதில் பதினாறு நிமிடம், ஆள் கிடைக்கவில்லை. பேட்டரி மாற்றி, கம்பத்து நண்பர் சொன்னபடி இரண்டு பையன்களை வரப்பில் நடக்கவிட்டு முன்னால் வெளிச்சம் பிடித்தேன். ஆறாவது நிமிடம் "இந்தாருக்காருண்ணே" என்று சத்தம். பதிவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அவர்கள் கை காட்டுகிற இடத்தில் எனக்கு இப்போதும் வாழை இலைதான் தெரிகிறது.

ஒரு சந்தேகம் பாக்கி. தரையிறங்கும்போது கடைசி இரண்டு மீட்டரில் ட்ரோன் லேசாகத் தடுமாறுகிறது. டார்ச்சை அணைக்க வழியில்லை, பொத்தான் அதன் முதுகில் இருக்கிறது. கீழ் சென்சாருக்கு இந்த வெளிச்சம் கூசுகிறதா, இல்லை முன்பக்கம் கனம் கூடிப்போனதாலா?

ஈயப்பற்று:

கனம்தான் என்று நினைக்கிறேன். டார்ச்சை அணைத்தே ஒரு தடவை பகலில் இறக்கிப் பாருங்கள், அப்போதும் தடுமாறினால் கிளிப்பை இரண்டு சென்டிமீட்டர் பின்னால் தள்ளுங்கள். தள்ளினால் டார்ச் வாயும் உள்ளே போகும், தொப்பிக் குழாயை அந்த அளவுக்கு நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். இறக்கியதும் டார்ச்சை உடனே அணைத்துவிடுங்கள் தம்பி. மேலே விசிறிக் காற்று அதைக் குளிர வைக்கிறது. தரையில் எரிந்துகொண்டே இருந்தால் உங்கள் டிபியு கிளிப் இளகிவிடலாம்.