ஏரிக்கரை ஊருக்கு ஒரு நாள்: விடியலில் போவதா, வெயில் தாழ்ந்து போவதா?

அலைவாசி:
கோடையில் ஏரிக்கரை ஊருக்கு ஒரு நாள் போய்வருவது என்றால் எங்கள் வீட்டில் விடியற்காலை நாலு மணிக்கே அலாரம். போன வாரமும் ஏழு மணிக்கெல்லாம் மணலில் இருந்தோம். பதினொன்றுக்குள் எல்லோருக்கும் தலைவலி, திரும்பும் வண்டியில் ஒரே குறட்டை. ஓய்வுக்குப் போன மாதிரியே இல்லை. இனி மூன்று மணிக்குப் போய், இருட்டிய பிறகுதான் கிளம்புவது என்று முடிவு செய்துவிட்டேன். மறுப்பு உண்டா?

விடிவெள்ளி:
உண்டு சார். தப்பு விடியலில் இல்லை, பதினோரு மணிவரை வெயிலில் உட்கார்ந்ததில். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் புற ஊதாக் கதிர் கடுமையாகிவிட்டது என்று அர்த்தம். எழுந்து மரத்தடிக்கோ ஊருக்குள்ளோ போய்விட வேண்டும். காலையில் ஏரி கண்ணாடி மாதிரி கிடக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் நான் போவதே. மதியத்துக்கு மேல் போனால் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது.

அலைவாசி:
கண்ணாடி பார்க்க அழகு, இறங்கினால் பல் கிட்டிக்கும். மேல்தண்ணீர் நாள் முழுக்க வெயில் குடித்து மாலையில்தான் இதமாகிறது. காற்றும் அப்படித்தான். தரை சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்பினால்தான் ஏரியின் குளிர்காற்று கரைக்கு வரும். அது வரவே முற்பகல் தாண்டிவிடும். அந்த நேரம் பார்த்து நீங்கள் ஊருக்குள் போவது என்ன கணக்கு?

கரைநடை:
நடுவில் நுழைகிறேன். அந்தக் குளிர்காற்றை நம்பித்தான் ஒருமுறை முதுகைப் பொசுக்கிக்கொண்டேன். சுடுவதே தெரியவில்லை, இரவு சட்டை போட முடியவில்லை. காலை அமைதியிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது அக்கா. அப்போது கரையிலிருந்து ஏரிப் பக்கமாக லேசான காற்று வீசலாம். காற்றடைத்த மிதவையில் குழந்தையை விட்டால் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோய்விடும்.

விடிவெள்ளி:
மிதவை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அதற்கு எப்போதுமே தடை. ஆனால் கோடை இடி பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. மாலைக்காரர்கள் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாக ஏரியைப் பார்க்கலாம்!

சோம்பேறிமடம்:
ஏரிதானே, கடலா என்ன? எப்போது போனால் என்ன?

கரைநடை:
அப்படிச் சொல்லாதீர்கள் தம்பி. 1954 ஜூன் 26 காலை, சிகாகோ கரையில் மிச்சிகன் ஏரி திடீரென்று சுமார் பத்தடி எழுந்து எட்டுப் பேரைக் கொன்றது. ஏரியைக் கடந்துபோன புயல்மழை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனது. அது எதிர்க்கரையில் மோதித் திரும்பி வந்தபோது இந்தக் கரையில் மழையே ஓய்ந்திருந்தது. பெரிய ஏரிகளில்தான் இப்படி, அதுவும் அபூர்வம். ஆனால் சின்ன ஏரியிலும் நன்னீர் கடல்நீரைப் போல உடம்பைத் தாங்காது. கோடையில் மேலே வெதுவெதுப்பு, ஆழத்தில் சில்லென்ற தண்ணீர். கடலில் நீந்தியவர்கள்கூட இதில் ஏமாந்துபோகிறார்கள்.

சோம்பேறிமடம்:
சரி, நான் தண்ணீரிலேயே இறங்கவில்லை அண்ணே. பதினொன்றுக்கு எழுந்து, மெதுவாக வந்து, கரையோரத் தெருவில் ஒரு நடை. அப்புறம் நிழலில் ஒரு பெஞ்ச் பார்த்துத் தூக்கம். இது யார் கட்சி?

அலைவாசி:
பதினொன்றுக்கு எழுந்தால் வந்துசேர மூன்று ஆகும். என் கட்சிதான்.

விடிவெள்ளி:
மூன்று மணிக்கு அந்தப் பெஞ்சில் இடம் கிடைத்தால் வந்து சொல்லுங்கள்.